ஆக்கவுரிமையும் ஏகபோகமும்: சிகரட் யந்திரமும் ஒரு பலகை விளையாட்டும்

1602 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச நீதிமன்றத்தில் விளையாட்டுச் சீட்டுக்கள் பற்றிய வழக்கொன்று எழுந்தது. எலிசபெத் அரசியாரின் அரண்மனைப் பணியாளருள் ஒருவராயிருந்த எட்வேட் டார்சி என்பவருக்கு, விளையாட்டுச் சீட்டுக்களை நாட்டினுட் செய்வதற்கும், வெளிநாடுகளிலிருந்து தருவிப்பதற்கும், விற்பதற்குமான தனியுரிமையை அரசியார் 1598 இல் 21 ஆண்டு காலத்துக்கு வழங்கியிருந்தார். ஏவலாளரும் தொழில் பழகுவோரும் சீட்டாட்டத்திற் பொழுதைப் போக்கி வேலையைக் கைவிடுகின்றனர். ஆதலின் இவ்விளையாட்டைக் கட்டுப்படுத்தல் வேண்டும் என்பது அவ்வுரிமைக்குக் கற்பிக்கப்பட்ட நியாயமாகும். தோமஸ் அலன் என்னும் இலண்டன் வணிகர் அவ்வுரிமையைப் பொருட்படுத்தாது சீட்டுக்களைச் செய்வித்து விற்றார். டார்சி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றமோ அலனின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருவர்க்கு மாத்திரம் உரித்தாக்கப்படும் வணிகம் பொருளின் விலையை உயர்த்தும், தரத்தைத் தாழ்த்தும், அத்தொழிலால் வாழ்ந்தோரை வறியராக்கும் என்பன, இவ்வழக்குப் பற்றி எட்வேட் கோக் எழுதிவைத்த அறிக்கையிற் காணப்படும் காரணங்கள். உரிமை பெற்ற டார்சி சீட்டுச் செய்யும் தொழிலை அறியாதவர் என்பதும் அங்கே சுட்டப்பட்டது.

சட்ட வரலாற்றில் 'ஏகபோக வழக்கு' எனப் பெயர் பெற்ற இவ்வழக்கின் தருக்கத்தைப் பின்பற்றியே 1624 ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அரசர் தம் விருப்பத்துக்குரியோர்க்கு வணிகத் தனியுரிமை வழங்கும் வழக்கத்தை அச்சட்டம் பொதுவில் ஒழித்தது. எனினும் ஒரு விலக்கையும் அது வைத்தது. புதிய பொருளொன்றை ஆக்கும் முறையை முதன்முதலில் உண்மையாகவே கண்டுபிடித்தவர்க்கு 14 ஆண்டு காலத் தனியுரிமை வழங்கலாம் என்பதே அவ்விலக்காகும். தொழில் பழகுவோன் ஒருவனின் பயிற்சிக் காலம் ஏழாண்டு என்பதால், அத்தகைய இரு பயிற்சிக் காலங்களைக் கொண்டதாக அவ்வெல்லை அமைந்தது. இன்று ஆக்கவுரிமை என வழங்கும் உரிமையின் வேர் இவ்விலக்கிலேயே உள்ளது. 1787 இல் வரையப்பட்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பும், கண்டுபிடிப்பாளர்க்கு வரையறுத்த காலத்துக்குத் தனியுரிமை வழங்கும் அதிகாரத்தைச் சட்டமன்றுக்கு அளித்தது. 1790 இல் முதலாவது ஆக்கவுரிமைச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 1861 இல் உரிமைக் காலம் 17 ஆண்டுகளாக நிர்ணயிக்கப்பட்டது.

ஆகவே ஆக்கவுரிமை என்பது, ஏகபோகத்தை ஒழிக்க எழுந்த சட்டத்தின் உள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு சிறு ஏகபோகமாகும். அரண்மனையின் தயவுக்குப் பதிலாக அறிவின் உழைப்புக்கு அது உரித்தாக வேண்டுமென்பதே சட்டத்தின் நோக்கம். இந்நோக்கம் நடைமுறையில் எவ்வளவுக்கு நிறைவேறிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் தோன்றிய மூன்று கண்டுபிடிப்புக்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருவதாயுள்ளது. அவற்றுள் ஒன்று புகையிலையைப் பதப்படுத்தும் முறை. மற்றொன்று சிகரட் செய்யும் யந்திரம். மூன்றாவது பொழுதுபோக்குக்கான ஒரு பலகை விளையாட்டு. ஒன்றுக்கொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் இம்மூன்றையும் பிணைக்கும் இழை ஏகபோகமேயாம்.

அடிமையின் கண்டுபிடிப்பு

வட கரோலைனா மாநிலத்தின் காஸ்வெல் பகுதியில் அபிசா சிலேட் என்னும் பண்ணையாளரிடம் ஸ்ரீபன் என்ற அடிமை இளைஞன் இருந்தான். கொல்லன் உலை வேலையும் அவனது பணிகளுள் ஒன்று. 1839 ஆம் ஆண்டில் ஓரிரவு, புகையிலை உலர்த்தும் கொட்டிலில் விறகுத் தீயைக் காக்கும் வேலை அவனுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது தீ அணையும் நிலையில் இருந்தது. ஈர விறகை இட்டு மூட்ட நேரமில்லாமையால், உலைக்கென வைத்திருந்த மரக்கரியை அள்ளி வந்து கொட்டினான். புகையின்றித் திடீரெனப் பொங்கிய அவ்வெப்பத்தில், கபில நிறமாக உலர வேண்டிய இலை பளிச்சென்ற மஞ்சள் நிறத்தை அடைந்தது. இவ்வாறு அக்கண்டுபிடிப்பின் வரலாறு வழங்கி வருகின்றது.

தற்செயலாகத் தோன்றிய இம்முறையை அபிசா சிலேட் பலமுறை செய்து பார்த்துச் செம்மைப்படுத்திப் பிற பயிர்ச்செய்கையாளர்க்கும் அறிவித்தார். பின்னர் கொட்டிலுக்கு வெளியே அடுப்பமைத்து, அதன் வெப்பத்தை உலோகக் குழாய்கள் வழியாக உட்செலுத்தும் முறை பரவியது. புகை இலையிற் படாதவாறு வெப்பம் மாத்திரம் கிடைத்தது. இம்முறையிற் பதப்படுத்தப்பட்ட இலை மஞ்சட் புகையிலை எனப் பெயர் பெற்றது. பிற பயிர்களுக்கு உதவாத வளங்குன்றிய மணற்பாங்கான நிலத்திலேயே அது சிறப்பாக விளைந்தமையால், வேர்ஜீனியா, வட கரோலைனா எல்லைப்புறத்து ஏழை நிலங்கள் பெருமதிப்புப் பெற்றன.

இம்மாற்றத்தின் விளைவு நிறத்தோடு நின்றுவிடவில்லை. காற்றில் உலர்த்திய இலையின் புகை காரத் தன்மை மிக்கது, தொண்டையை உறுத்துவது, ஆதலால் சுருட்டும் குழாயும் புகைத்தோர் பெரும்பாலும் அதனை உள்ளிழுப்பதில்லை. வெப்பக் குழாய் முறையிற் பதமான இலையிலோ சீனிச்சத்து எஞ்சி நிற்கும், அதன் புகை சிறிது அமிலத் தன்மையுடையது, மென்மையானது, நுரையீரல் வரை இழுக்கத்தக்கது. நுரையீரலினூடாக நிக்கொற்றீன் விரைந்து குருதியிற் கலக்கின்றது. பின்னாளிற் பல கோடி மக்களைப் பற்றிக்கொண்ட சிகரட் பழக்கத்துக்கான இரசாயன அடிப்படை இவ்வாறு ஒரு கொட்டிலின் மரக்கரித் தீயில் உருவாகியது.

இக்கண்டுபிடிப்புக்கு ஸ்ரீபன் எவ்வித உரிமையும் பெறவில்லை, பெறவும் முடியாது. சில ஆண்டுகளின் பின் எழுந்த மற்றொரு விவகாரம் இதனை ஐயத்துக்கிடமின்றிப் புலப்படுத்துகின்றது. மிசிசிப்பி மாநிலத்து அடிமையுடைமையாளரான ஒஸ்கார் ஸ்ருவேட் என்பவர், தம் அடிமையான நெட் அமைத்த பருத்திப் பயிர்க் கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். அடிமையின் கைகளின் பயன் எசமானுக்கு உரியதாயின், அவனது மூளையின் பயனும் எசமானுக்கே உரியது என்பது அவரது வாதம். 1858 இல் சட்டமா அதிபர் ஜெரமையா பிளாக், அடிமையின் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை வழங்க இயலாது எனக் கருத்துரைத்தார். தாமே கண்டுபிடித்தவர் எனச் சத்தியம் செய்யும் தகுதி அடிமைக்கில்லை. தாம் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்ததாகச் சத்தியம் செய்ய எசமானுக்கும் இயலாது. எனவே அக்கருவிக்குச் சட்டத்தின் கண்ணிற் கண்டுபிடிப்பாளரே இல்லாது போயிற்று. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தென்மாநிலக் கூட்டரசு 1861 இல் இயற்றிய ஆக்கவுரிமைச் சட்டம் இச்சிக்கலைத் தனக்கேயுரிய முறையில் தீர்த்து வைத்தது. அடிமையின் கண்டுபிடிப்புக்கான உரிமையை எசமானுக்கே அது வழங்கியது. 'உண்மையான முதற் கண்டுபிடிப்பாளர்' என்ற 1624 ஆம் ஆண்டுச் சொற்றொடர், மனிதனாகச் சட்டம் ஏற்றுக்கொண்டவனுக்கே பொருந்தியது என்பதை இவை காட்டுகின்றன.

பொன்சாக்கின் யந்திரம்

1870களில் சிகரட் கைத்தொழிற் பொருளாகவே இருந்தது. மேசையின் முன் அமர்ந்து, தாளிற் புகையிலையை வைத்துச் சுருட்டி ஒட்டும் வேலையில் தேர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு நான்கு அல்லது ஐந்து சிகரட்டுக்களையே செய்ய முடிந்தது. வேர்ஜீனியாவின் றிச்மண்ட் நகரில் அலன் அன்ட் ஜின்ரர் என்ற நிறுவனம் இளம் பெண்கள் பலரை இவ்வேலையில் அமர்த்தியிருந்தது. கூலியே செலவின் பெரும்பகுதியாக இருந்தமையால், சிகரட் சுருட்டும் யந்திரமொன்றை அமைத்துத் தருவோர்க்கு 75,000 டொலர் பரிசளிப்பதாக அந்நிறுவனம் 1875 இல் அறிவித்தது.

இவ்வறிவிப்பினாற் கவரப்பட்டோருள் ஒருவர் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பொன்சாக். 1859 இற் பிறந்த இவரின் தந்தையார் கம்பளி ஆலையொன்றின் உரிமையாளராயிருந்தார். கல்வியை இடைநிறுத்தி யந்திர ஆக்கத்தில் ஈடுபட்ட பொன்சாக், 1880 செப்ரெம்பரில் தமது யந்திரத்துக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். 1881 மார்ச் 8 ஆந் திகதி அது வழங்கப்பட்டது. அப்போது அவரது வயது இருபத்தொன்று.

அந்த யந்திரத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. கையினாற் சுருட்டுவோர் ஒவ்வொரு சிகரட்டையும் தனித்தனியே செய்தனர். பொன்சாக்கோ முடிவற்ற நீளமுடைய ஒரே சிகரட்டைச் செய்து, அதனைத் துண்டுகளாக வெட்டுவது என முடிவு செய்தார். மேலேயுள்ள பெட்டியிலிருந்து புகையிலைத் தூள் சீராக இறங்கி, நாடாப்போல ஓடிவரும் தாளின் மீது படியும். தாள் குழாயாக மடிக்கப்பட்டு அதனைச் சூழ்ந்துகொள்ளும். விளிம்பிற் பசை தடவப்படும். முடிவிற் சுழலும் கத்தி உரிய நீளத்தில் துண்டாடும். நன்கு இயங்கும்போது இந்த யந்திரம் பத்து மணி நேர வேலை நாளொன்றில் ஏறத்தாழ 120,000 சிகரட்டுக்களைத் தந்தது. இது நாற்பத்தெட்டுக் கைத்தொழிலாளர் அளிக்கும் வேலைக்குச் சமம் எனக் கணிக்கப்பட்டது.

ஆயினும் பரிசை அறிவித்த நிறுவனமே யந்திரத்தைச் சோதித்துப் பார்த்துப் பின் ஏற்க மறுத்துவிட்டது. யந்திரம் அடிக்கடி பழுதுற்றமையும், கையாற் சுருட்டியதையே புகைப்போர் விரும்புவர் என்ற எண்ணமும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். இத்தனை சிகரட்டுக்களை யார் வாங்குவர் என்ற ஐயமும் அக்காலத்தில் இருந்தது. பிரித்தானியாவிலோ பிரிஸ்ரல் நகரத்து வில்ஸ் நிறுவனம் 1883 இல் இந்த யந்திரத்தின் தனியுரிமையை அந்நாட்டுக்கெனப் பெற்றுக்கொண்டது. 1888 இல் அது வெளியிட்ட வூட்பைன் போன்ற மலிவான சிகரட்டுக்கள் பிரித்தானியத் தொழிலாளரிடையே பெருவழக்காயின.

இரகசிய ஒப்பந்தம்

வட கரோலைனாவின் டேர்ஹம் நகரில், தந்தையாரோடும் சகோதரரோடும் புகையிலை வணிகம் நடத்தி வந்த ஜேம்ஸ் பியூக்கனன் டியூக் என்பவர் 1881 இலேயே சிகரட் தொழிலிற் புகுந்தார். குழாய்ப் புகையிலை வணிகத்தில் அதே நகரத்துப் போட்டி நிறுவனமொன்றை வெல்ல முடியாமையே இதற்குக் காரணம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து நியூ யோர்க்கில் வாழ்ந்த யூத இனச் சிகரட் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோரை அவர் டேர்ஹமுக்கு வரவழைத்தார். 1884 இல் பொன்சாக் யந்திரங்கள் இரண்டை அவர் தமது ஆலையில் நிறுவினார். பொன்சாக் கம்பனியைச் சேர்ந்த வில்லியம் ஓபிரையன் என்ற யந்திரவியலாளர் மாதக்கணக்கில் உடனிருந்து குறைகளைத் திருத்தினார். அவ்வாண்டு ஏப்ரல் 30 ஆந் திகதி யந்திரம் பழுதின்றி முழுநாளும் இயங்கியது. யந்திரம் செம்மையுற்றதும் நியூ யோர்க்கிலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலோர் வேலையிழந்து திரும்பிச் சென்றனர்.

காலமும் டியூக்குக்கு இசைவாக அமைந்தது. ஆயிரம் சிகரட்டுக்கு 1.75 டொலராக இருந்த மத்திய அரசின் வரி 1883 இல் 50 சதமாகக் குறைக்கப்பட்டது. டியூக் பத்துச் சிகரட் கொண்ட பெட்டியின் விலையை ஐந்து சதமாகக் குறைத்தார். எனினும் அவரது வெற்றியின் திறவுகோல் விலைக்குறைப்பன்று; யந்திரத்தை உடைமையாக்கியதுமன்று. பொன்சாக் கம்பனி தன் யந்திரத்தை எவர்க்கும் விற்கவில்லை. வாடகைக்கு விட்டு, ஆயிரம் சிகரட்டுக்கு இவ்வளவு என உரிமைப் பணம் அறவிட்டது. 1885 இல் டியூக் அக்கம்பனியோடு ஓர் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். தமது சிகரட்டுக்கள் அனைத்தையும் இந்த யந்திரத்தாலேயே செய்வதாக அவர் உறுதியளித்தார். அதற்கு ஈடாக, அவர் செலுத்தும் உரிமைப் பணம் வேறெந்தப் போட்டியாளர் செலுத்துவதிலும் 25 சதவீதம் குறைவாகவே என்றும் இருக்கும் என அக்கம்பனி ஒப்புக்கொண்டது.

இவ்வொப்பந்தத்தின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. குறித்தவொரு தொகைக்குக் கழிவு பெற்றிருப்பின், நாளடைவில் வேறொருவர் அதனினும் குறைந்த கட்டணத்தைப் பேசி முடித்திருக்கலாம். இங்கோ போட்டியாளர் எவ்வளவு குறைத்துப் பேசினும், டியூக்கின் கட்டணம் அதனினும் கால்பங்கு கீழே இறங்கிவிடும். ஏனையோர் எத்துணை முயன்றாலும் அவரை எட்ட முடியாதென்பதை அவ்வொப்பந்தமே உறுதிப்படுத்தியது. யந்திரத்தைப் பொதுவில் அனைவரும் பயன்படுத்தினர். ஆனால் யந்திரம் தந்த மேம்பாடு ஒருவரிடம் மாத்திரமே சேர்ந்தது. சட்டம் கண்டுபிடிப்பாளர்க்கு அளித்த சிறு ஏகபோகம், முதலுடையவரின் பெரிய ஏகபோகத்துக்கு வித்தாக மாறிய இடம் இதுவே எனலாம்.

பெருகிய உற்பத்தியை விற்பதற்கு விளம்பரம் இன்றியமையாததாயிற்று. பெட்டி நசுங்காதிருக்க வைக்கப்பட்ட தடித்த அட்டைகளில் நடிகையர், விளையாட்டு வீரர், பறவைகள், நாடுகளின் கொடிகள் முதலியவற்றின் படங்கள் அச்சிடப்பட்டன. அவற்றைச் சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் சிறுவரின் பொழுதுபோக்காயின. விலைப்போரும் விளம்பரப் போரும் தாங்காது களைத்த போட்டியாளரை ஈற்றில் டியூக் தம்மோடு இணைத்துக்கொண்டார். 1890 ஜனவரியில் ஐந்து முன்னணி நிறுவனங்கள் ஒன்றாகி, 25 மில்லியன் டொலர் மூலதனத்தோடு அமெரிக்கப் புகையிலைக் கம்பனி உருவாகியது. ஐந்தனுள் ஒன்று, பொன்சாக்கின் யந்திரத்தை முன்பு மறுத்த அலன் அன்ட் ஜின்ரர். நாட்டின் சிகரட் உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் இப்புதிய கம்பனியின் கைக்கு வந்தது. தலைவர் பதவியை ஏற்றபோது டியூக்கின் வயது முப்பத்து மூன்று. ஏகபோகக் கூட்டுக்களைத் தடை செய்யும் ஷேர்மன் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறியமை வரலாற்றின் முரண்நகையாகும்.

மெல்லும் புகையிலை, மூக்குத்தூள், குழாய்ப் புகையிலை என ஒவ்வொரு துறையாக இக்கூட்டு தன்வயப்படுத்தியது. சுருட்டுத் தொழிலை மட்டும் அதனால் அவ்வாறு வளைத்துப் போட முடியவில்லை. இலையைத் தெரிந்து சுற்றும் அவ்வேலை அன்று கைத்திறனையே நம்பியிருந்தது. சிறு முதலுடையோரும் அதனை நடத்த முடிந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களை அறிந்தோர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். 1901 இல் டியூக் பிரித்தானியச் சந்தையிற் புகுந்தபோது, அந்நாட்டின் பதின்மூன்று நிறுவனங்கள் வில்ஸின் தலைமையில் இம்பீரியல் புகையிலைக் கம்பனியாக ஒன்றிணைந்து எதிர்த்தன. அடுத்த ஆண்டே இரு தரப்பும் சமாதானமாகி உலகைப் பங்கிட்டுக்கொண்டன. ஏனைய நாடுகளுக்கென பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனி 1902 இல் நிறுவப்பட்டது. 1932 இற் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைப் புகையிலைக் கம்பனி அதன் கிளைகளுள் ஒன்றே.

1904 ஆம் ஆண்டு

1904 ஒக்ரோபரில் டியூக்கின் துணைக் கம்பனிகள் மீண்டும் ஒன்றாக்கப்பட்டு, கூட்டு தன் வலிமையின் உச்சத்தை அடைந்தது. அதற்குச் சில வாரங்களின் முன், செப்ரெம்பர் 24 ஆந் திகதி, கென்ரக்கி மாநிலத்தின் கத்ரி என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கான புகையிலைச் செய்கையாளர் கூடிப் பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். மெல்லுவதற்கும் மூக்குத்தூளுக்கும் ஏற்றுமதிக்கும் உரிய கரும்புகையிலையை விளைவித்தோர் அவர்கள். முன்னர் பல வணிகர் போட்டியிட்டு வாங்கிய சந்தையில் இப்போது ஒரு சில கொள்வனவாளரே எஞ்சினர். அவர்களும் ஊர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஒருவர் எல்லையுள் மற்றவர் விலை கூறாது ஒதுங்கினர். விளைவிக்கும் செலவும் மீளாத விலைக்கு இலையைக் கொடுக்க நேர்ந்தது.

சங்கத்தினர் விளைச்சலை விற்காது தடுத்துவைத்து விலையை உயர்த்த முயன்றனர். இம்முயற்சி விரைவிலேயே வன்முறையாகத் திரும்பியது. முகமூடியணிந்த இரவுக் குதிரைவீரர் கூட்டின் பண்டசாலைகளுக்குத் தீயிட்டனர். 1907 டிசெம்பரில் ஹொப்கின்ஸ்வில் நகரையே சில மணி நேரம் கைப்பற்றினர். சங்கத்திற் சேராத சிறு செய்கையாளரையும் அவர்கள் அடித்துத் துன்புறுத்தினர் என்பது மறைக்கத்தக்கதன்று. ஏகபோகத்தின் சுமை இறுதியில் எளியார் மீதே எளியாரை ஏவியது. 1911 மே 29 ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இக்கூட்டு ஷேர்மன் சட்டத்தை மீறியதெனத் தீர்ப்பளித்துக் கலைக்கக் கட்டளையிட்டது. எனினும் அதன் இடத்தில் நான்கு பெருங் கம்பனிகளே தோன்றின.

இதே 1904 ஆம் ஆண்டின் ஜனவரி 5 ஆந் திகதி, வாஷிங்ரன் நகரின் ஆக்கவுரிமைப் பணிமனை எலிசபெத் மேகி என்ற பெண்ணுக்கு ஆக்கவுரிமைப் பத்திரமொன்றை வழங்கியது. அது ஒரு பலகை விளையாட்டுக்கானது, ஏகபோகத்தைப் பற்றியது.

நிலக்கிழார் விளையாட்டு

1866 இற் பிறந்த மேகி சுருக்கெழுத்தாளராகத் தொழில் புரிந்தவர். அவரின் தந்தையார் அடிமை முறையை எதிர்த்த பத்திரிகையாளர். தட்டச்சுப் பொறியில் தாள் இலகுவாகச் செல்ல உதவும் பொறியமைப்பொன்றுக்கு 1893 இலேயே மேகி ஆக்கவுரிமை பெற்றிருந்தார். ஹென்றி ஜோர்ஜ் என்ற பொருளியற் சிந்தனையாளர் 1879 இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலின் கருத்துக்கள் அவரைப் பெரிதும் ஆட்கொண்டன. நிலத்தை யாரும் உண்டாக்கவில்லை. சமுதாயத்தின் வளர்ச்சியாலேயே அதன் பெறுமதி உயர்கின்றது. ஆதலின் நில வாடகையின் பயன் சமுதாயத்துக்கே வரியாக மீள வேண்டும் என்பது அந்நூலின் சாரம்.

இக்கோட்பாட்டைச் சாதாரண மக்களும் உணருமாறு மேகி 'நிலக்கிழார் விளையாட்டை' அமைத்தார். சதுரப் பலகையின் நாற்புறமும் நிலங்களும் புகையிரதப் பாதைகளும் இருந்தன. மூலைகளிற் சிறைச்சாலையும் பூங்காவும் ஏழையர் விடுதியும் இடம்பெற்றன. அக்காலத்துப் பலகை விளையாட்டுக்கள் பலவற்றில் ஆட்டம் தொடக்கத்திலிருந்து முடிவிடத்துக்குச் செல்லும். இதிலோ ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி வருவர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உழைப்புக்கான கூலி பெறுவர். பெற்ற கூலியைப் பிறர் நிலத்திற் கால் வைக்கும்போதெல்லாம் வாடகையாக இழப்பர். 1906 இல் விளையாட்டு வெளியிடப்பட்டது. நாளடைவில் இருவகை விதிகளோடு அது ஆடப்பட்டது. ஒருவகையில் ஏனையோரை ஓட்டாண்டியாக்குபவர் வெற்றி பெறுவார். மறுவகையிற் செல்வம் பெருகுந்தோறும் அனைவரும் பயன் பெறுவர். ஒரே பலகை, ஒரே காய்கள். விதி மாறும்போது சமுதாயமே மாறுகின்றது என்பதை ஆடுவோர் தம் அனுபவத்தால் அறிய வேண்டுமென்பது அவர் நோக்கம்.

அதே 1906 இல் மேகி செய்த மற்றொரு செயல் நாடெங்கும் பேசப்பட்டது. வாரத்துக்குப் பத்து டொலர் கூலியில் வாழ முடியாத நிலையை எடுத்துக்காட்ட, தம்மையே 'இளம் அமெரிக்கப் பெண்ணடிமை' என விளம்பரப்படுத்தி, விலை கூறுமாறு அவர் பத்திரிகையில் அறிவித்தார். ஸ்ரீபன் அடிமையாயிருந்த காலம் சட்டத்தில் மறைந்துவிட்டது. ஆனால் அச்சொல் உணர்த்திய நிலை முற்றாக மறையவில்லை என்பதே அவ்விளம்பரத்தின் பொருள்.

நிலக்கிழார் விளையாட்டு கடைகளில் அதிகம் விற்பனையாகவில்லை. அது பல்கலைக்கழகங்களிலும், ஹென்றி ஜோர்ஜின் கொள்கைப்படி டெலவெயர் மாநிலத்தில் அமைந்த ஆர்டன் என்னும் ஊரிலும், குவேக்கர் சமயத்தாரிடையிலும் கையாற் கீறிய பலகைகள் வழியே பரவியது. அத்லாந்திக் சிற்றியில் வாழ்ந்த குவேக்கர்கள் தம் நகரத்துத் தெருப்பெயர்களை அதில் எழுதினர். இருவகை விதிகளுள் ஏகபோக விதி மட்டுமே ஆடுவோரிடம் நிலைத்தது. 1904 இற் பெற்ற ஆக்கவுரிமை 1921 இற் காலாவதியானது. 1924 இல் திருத்திய வடிவத்துக்கு மேகி மீண்டும் ஆக்கவுரிமை பெற்றார்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்திருந்த சாள்ஸ் டாரோ என்பவர், நண்பர் வீட்டில் இவ்விளையாட்டை ஆடப் பழகி, அதனைத் தம் பெயரில் 'மொனோபொலி' என விற்கத் தொடங்கினார். 1935 இல் பார்க்கர் சகோதரர் கம்பனி அதனை அவரிடமிருந்து வாங்கியது. டாரோ ஆடப் பழகிய பலகையில் இருந்த இடப்பெயரொன்றின் எழுத்துப்பிழையும் அப்படியே அச்சேறியமை, அது எங்கிருந்து வந்ததென்பதற்குச் சான்று பகர்கின்றது. முன்னைய உரிமை இருப்பதை உணர்ந்த கம்பனி அவ்வாண்டு நவம்பரில் மேகியின் ஆக்கவுரிமையை 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் எப்பங்கும் அவருக்கு அளிக்கப்படவில்லை. டிசெம்பர் 31 ஆந் திகதி டாரோவின் பெயரில் புதிய ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஏகபோகத்தின் கொடுமையைக் கற்பிக்க எழுந்த விளையாட்டு, ஏகபோகத்தின் இன்பத்தைக் கற்பிக்கும் விளையாட்டாக உலகெங்கும் பரவியது. டாரோ பெருஞ் செல்வரானார். 1940 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே தமது தொழில் 'விளையாட்டு ஆக்குநர்' எனவும், வருமானம் பூச்சியம் எனவும் மேகி பதிவு செய்தார். 1948 இல் அவர் காலமானார்.

பத்திரமும் பெயரும்

ஆக்கவுரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமையேயன்றி, கண்டுபிடித்ததை உலகுக்கு ஆக்கி வழங்கும் ஆற்றலன்று. ஆலை, முதல், சந்தை ஆகியன இல்லாதவர் அவ்வுரிமையை உள்ளவரிடம் கொடுத்தே பயன் காண வேண்டியுள்ளது. கொடுக்கும் வேளையில் யார் நிபந்தனை விதிக்கின்றாரோ அவரையே பயன் சென்றடைகின்றது. ஆலையுடைய டியூக் நிபந்தனை விதித்தார். பொன்சாக் கம்பனி உரிமைப் பணத்தோடு அமைந்தது. பார்க்கர் கம்பனி நிபந்தனை விதித்தது. மேகி 500 டொலரோடு அமைந்தார். ஸ்ரீபனோ பேரம் பேசும் இடத்துக்கே வர முடியாதவன். சீட்டு வழக்கில் நீதிமன்றம் அஞ்சிய மூன்று தீங்குகளுள், தொழிலால் வாழ்ந்தோர் வறியராதல் என்பது டேர்ஹம் ஆலையின் தொழிலாளரிடத்தும் கென்ரக்கியின் செய்கையாளரிடத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. முன்பு அரண்மனையிற் பிறந்த ஏகபோகம், பின்பு கண்டுபிடிப்பாளரின் பத்திரத்தினூடாக ஆலையிற் பிறந்தது.

எனினும் இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1973 இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பொருளியற் பேராசிரியர் றால்ஃப் அன்ஸ்பாக், 'ஏகபோக எதிர்ப்பு' என்ற பெயரில் விளையாட்டொன்றை வெளியிட்டார். பெயர் பற்றிப் பார்க்கர் கம்பனி அவரை எதிர்த்தது. பல்லாண்டு நீடித்த அவ்வழக்குக்குச் சான்று தேடியபோதே, மறக்கப்பட்டிருந்த மேகியின் 1904 ஆம் ஆண்டுப் பத்திரம் வெளிச்சத்துக்கு வந்தது. 1983 இல் உச்ச நீதிமன்றம் கம்பனியின் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தபோது வெற்றி அன்ஸ்பாக்கைச் சார்ந்தது. அப்பத்திரம் மேகிக்குச் செல்வத்தைத் தரவில்லை. ஆயினும் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அவரது பெயரை மீட்டுக் கொடுத்தது.

ஸ்ரீபனுக்கு அத்தகைய பத்திரம் எதுவுமில்லை. டேர்ஹம் நகரிலுள்ள பல்கலைக்கழகம், டியூக் அளித்த பெருங் கொடையின் காரணமாக 1924 முதல் அவரது குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அச்செல்வத்தின் அடியில் இருந்த மஞ்சள் இலையை முதன்முதலிற் கண்டவனோ எசமானின் குடும்பப் பெயரோடு சேர்த்தே நூல்களிற் குறிக்கப்படுகின்றான். கண்டுபிடிப்புக்களின் வரலாற்றை ஆக்கவுரிமைப் பதிவேட்டிலிருந்து மட்டும் எழுத முற்படுவோர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது, அப்பதிவேட்டில் இடம்பெற அனுமதிக்கப்படாதோரின் நீண்ட வரிசையேயாகும்.